தாய்ப்பன்றியின் வலது காது

"கடல் தண்ணியை ஊத்தச் சொன்னது யாரு? நானா, என் புருஷனா? வாயைத் திறந்து சொல்லுங்க பூசாரியாரே. தெருவே கேக்கட்டும்."

தெரு ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கோயிலை ஒட்டிய எங்கள் சந்தில் ஐந்தே வீடுகள். கால்வினாவின் குரலுக்கு அத்தனை வீட்டு ஜன்னலும் திறந்தன. என் வீட்டு ஜன்னலை நான் திறக்கவில்லை. அது முன்பே திறந்துதான் இருந்தது.

கோயில் பின்கட்டில் நின்று அவள் பூசாரி ஹோஸ்டியுஸை உலுக்கிக்கொண்டிருந்தாள். கையால் அல்ல, வாயால். மெதுவாகப் பேசும்படி அவர் கெஞ்சக் கெஞ்ச அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் அவள் புருஷன் தூரியுஸ், கோயில் காவலர், ஒரு பெரிய மண்தாழியின் மூடிமேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றிருந்தார். உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி.

உள்ளே இருந்தது எங்கள் ஊர்த் தாய்ப்பன்றி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ட்ராய் நகரம் எரிந்தபோது ஏனியாஸ் அப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு தப்பித்து, கடல் கடலாக அலைந்து, கடைசியில் எங்கள் கரையில் இறங்கினார். அவருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாய்ப்பன்றி ஓடியது. அது களைத்துப் படுத்து முப்பது குட்டி போட்ட மேட்டில்தான் ஊரைக் கட்டினார். அதுதான் லவீனியம். பன்றியை யூனோ தேவிக்குப் பலி கொடுத்து உடலை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். ஏனியாஸின் மகன் போய் ஆல்பா என்ற ஊரைக் கட்டினான். ஆல்பாவின் பேரன்கள் போய் ரோமைக் கட்டினார்கள். ஆகவே, ஊர் உலகத்தையெல்லாம் ஆளுகிற ரோமுக்கு எங்கள் பன்றி கொள்ளுப்பாட்டி முறை. இதை நாங்கள் சொல்லும்போது ரோமாக்காரர்களின் முகம் ஒரு மாதிரி ஆகும். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் பதவி ஏற்கிறவர்கள் இங்கே வந்து, எங்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, தாழியை எட்டிப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் வேறு வேலையைப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் ரோமை ஆளுகிற கான்சல் அன்று மதியத்துக்குள் வருகிறார். வழக்கப்படி அவர் வருகிற அன்று காலையில் தாழியின் மெழுகை உடைத்துத் தண்ணீரை மாற்ற வேண்டும். தூரியுஸ் மெழுகை உடைத்தார், மூடியைத் தூக்கினார், தூக்கிய வேகத்திலேயே மறுபடி மூடிவிட்டார். உள்ளே பன்றி இல்லை. கஞ்சி இருந்தது.

காரணம் ஹோஸ்டியுஸின் பக்தி. போன வருஷம் தண்ணீர் மாற்றும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கடையில் வாங்குகிற உப்பு எவன் கை பட்டதோ, எவன் கால் பட்டதோ. ஏனியாஸ் காலை நனைத்த அதே கரையிலிருந்து கடல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினால் எவ்வளவு பொருத்தம் என்றார். சந்தில் பாதிப் பேர் கண் கலங்கிவிட்டோம், அவ்வளவு அழகாகச் சொன்னார். அந்தத் தண்ணீரில் ஒரு மீனைப் போட்டு வைத்தாலே மூன்றாம் நாள் நாறும் என்று அன்றைக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை. கோடையில் சந்து நாறியபோது அது சலவைக்காரன் துணி வெளுக்கச் சேர்த்துவைக்கிற மூத்திரப் பானைகள்தான் என்று முடிவுகட்டி, அவனை ஒஸ்தியாவுக்கு விரட்டிவிட்டோம். நாற்றம் அவனோடு போகவில்லை.

இப்போது ஹோஸ்டியுஸ் நிமிர்ந்து நின்று, தான் சொன்னது வழிபாடு, ஊற்றியது தூரியுஸின் கை, கான்சல் கேட்டால் அப்படித்தான் சொல்வேன் என்றார். சொல்லிவிட்டுத் தன் வெள்ளை மேலாடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார். கால்வினாவுக்கு அந்த மடிப்புதான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

காவலர் வேலை போனால் கோயில் வீடும் போகும். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. ரோமில் கால்வினாவின் தம்பி ஒரு வாடகைக் கட்டிடத்தின் உச்சி மாடியில் இருக்கிறான். ஒருமுறை போய் வந்தவள், அங்கே அடுப்புப் பற்றினால் ஓட வழியில்லை, பற்றாவிட்டால் குளிரில் சாக வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தாள். தவிர, ஏனியாஸின் கப்பலில் துடுப்புப் போட்டவன் தன் முன்னோன் என்று சொல்லிக்கொள்கிறவள். அப்படிப்பட்டவள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தச் சந்தைத் தாண்டுவதா?

தூரியுஸ் தொண்டையைச் செருமி, "காது..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் கால்வினா. சந்தின் கடைசி வீட்டை நோக்கி நடந்தாள்.

கடைசி வீடு மெட்டியுஸுடையது. பன்றிக் கறிக்கு உப்புப் போட்டு விற்கிறவர். ஊரிலேயே வெள்ளைத் தாய்ப்பன்றி அவரிடம்தான் இருந்தது. ஒன்றே ஒன்று. ஆனால் அவர் அர்தேயாக்காரர், அதாவது டர்னுஸ் ஊர்க்காரர். ஏனியாஸ் வந்து இறங்கியபோது எதிர்த்து நின்று, கடைசியில் ஏனியாஸ் கையாலேயே செத்தவன் டர்னுஸ். அந்தச் சண்டை நடந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. கால்வினா மட்டும் அதை முந்தாநாள் தன் கண்ணால் பார்த்தவள்போலப் பேசுவாள். மெட்டியுஸின் பிள்ளை ஓப்பியுஸும் இவள் பெண் விபியாவும் கிணற்றடியில் பார்த்துச் சிரிப்பது சந்துக்கே தெரியும். தெரிந்த அன்றிலிருந்து விபியா தண்ணீர் எடுக்கப் போவதில்லை. வேலைக்காரி போகிறாள்.

மெட்டியுஸ் வாசலிலேயே நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அண்ணே, உங்க வெள்ளைப் பன்னி வேணும்" என்றாள் கால்வினா.

"பத்து வருஷமா 'ஏய் அர்தேயா'ன்னு கூப்பிட்ட வாயி. இன்னைக்கு அண்ணனா?"

"வேற வழியில்ல. வேணும்னா ஒருதரம் சிரிச்சுக்குங்க."

மெட்டியுஸ் சிரிக்கவில்லை. அது சினைப் பன்றி, மாசிக் குளிர் முடிவதற்குள் குட்டி போடும், போன வருஷமே அர்தேயாவிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். விலையைக் கேட்டாள். விலைக்கு இல்லை என்றார். அப்படியானால் என் பெண்ணைக் கேட்கிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"நான் கேக்க மாட்டேம்மா" என்றார் மெட்டியுஸ். "பன்னியைக் குடுத்துப் பொண்ணை வாங்கினான்னு ஊர் பேசும். இதெல்லாம் முடிஞ்சப்புறம் நீ வா. முன்வாசல் வழியா, நாலு பேர் பாக்க. வந்து நீ மாப்பிள்ளை கேளு. நான் யோசிச்சுச் சொல்றேன்."

துடுப்புக்காரன் வம்சம் டர்னுஸ் ஆளிடம் போய் மாப்பிள்ளை கேட்பது. கால்வினா ஒருமுறை தாழி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். கான்சல் முதலில் நுமீக்குஸ் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே மறைந்த ஏனியாஸுக்குப் பூஜை செய்துவிட்டு இங்கே வருவார். அந்த நேரம்தான் கையில் இருந்தது. மெட்டியுஸ் பன்றியின் காதில் ஏதோ சொல்லிவிட்டுக் கத்தியை வைத்தார். சாகிறது என் ஊர்க்காரி, பேர் மட்டும் ட்ராய்க்காரிக்கு என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன். ஓப்பியுஸ் பழையதை முகர்ந்து முகர்ந்து வாந்தி எடுத்தபடியே தொட்டிகளில் அள்ளி, மேலே முட்டைக்கோசை அடுக்கி, வண்டியில் தள்ளிக்கொண்டு போனான். வண்டி எங்கள் ஜன்னல்களைக் கடந்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். என்ன இருந்தாலும் ரோமின் கொள்ளுப்பாட்டி.

புதுப் பன்றி ரோஜாப்பூ மாதிரி இருந்தது. ஆயிரம் வருஷம் ஊறிய உடம்பா அது? கால்வினாவும் விபியாவும் சாம்பலும் காடியும் ஒயின் மண்டியும் குழைத்துத் தேய் தேயென்று தேய்த்தார்கள். மெட்டியுஸ் தாழியில் உப்பைக் கொட்டிக் கரைத்து, முட்டை போட்டு அது மிதக்கிறவரை கொட்டினார். பன்றியை உள்ளே இறக்கியபோது அதுவும் மிதந்தது. கல்லை வைத்து அழுத்தினார்கள். முகமும் முதுகும் மட்டும் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பழசு மாதிரியே இருந்தது. கிட்டே போனால் பழசு மாதிரித் தேய்த்த புதுசு மாதிரி இருந்தது.

ஹோஸ்டியுஸ் எதையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பிரார்த்தனை செய்தார். நாளைக்குச் சத்தியம் செய்ய வசதியாக இருக்கும் அல்லவா?

குழலோசை கேட்டது. கான்சலின் ஆட்கள் கோல்கட்டுகளைத் தோளில் சாய்த்தபடி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ட்ராய் வம்சம் என்று சொல்லிக்கொள்கிற குடும்பங்கள் கயிற்றுக்கு உள்ளே போய் நின்றன. மற்றவர்கள் வெளியே.

"கால்வினா" என்றார் தூரியுஸ்.

"என்ன?"

"அந்தப் பழைய பன்னிக்கு வலது காது கிடையாது."

அவள் அவரையே பார்த்தாள்.

தூரியுஸ் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. இப்போது வருகிற இதே கான்சல் கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் நீதிபதியாகப் பதவி ஏற்று இங்கே வந்தாராம். எல்லோரும் விருந்துக்குப் போனபிறகு தனியாகத் திரும்பி வந்து, கான்சல் ஆக வேண்டும், தாய்ப்பன்றியின் உடம்பில் ஒரு துண்டு கழுத்தில் கிடந்தால் ஜெயம் நிச்சயம் என்று கேட்டாராம். தூரியுஸ் வலது காதை அறுத்துக் கொடுத்தாராம். இத்தனை வருஷமாக வலது பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துச் சமாளித்திருக்கிறார்.

"கேட்டா அறுத்துக் குடுத்துடுவீங்களா?"

"பெரிய மனுஷன் கேட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"காலைலேர்ந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கத்தியைத் தேட நேரமில்லை. கான்சல் வாசற்படியில் கால் வைத்துவிட்டார். கான்சலின் ஆட்கள் துடுப்புக்காரன் வம்சம் என்றும் பார்க்காமல் அவளைக் கயிற்றுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். புதுப் பன்றி இரண்டு காதுகளையும் விறைத்துக்கொண்டு தாழிக்குள் உட்கார்ந்திருந்தது.

கான்சல் ஒல்லியான மனிதர், நிறைய வேலை இருக்கிறவர்களின் நடை. ரோமுக்கு எப்போதும் இரண்டு கான்சல்கள்; அவரோடு வர வேண்டிய இன்னொருவர் வயிறு சரியில்லை என்று வழியில் ஒரு பண்ணை வீட்டில் தங்கிவிட்டார். இருவருக்கும் ஆகாது என்று ரோமிலிருந்து முந்தைய நாளே வந்துவிட்ட பல்லக்குத் தூக்கிகள் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். பலி முடிந்தது. ஈரல் நன்றாக இருந்தது. ஹோஸ்டியுஸ் ஏனியாஸ் கதையைச் சொல்லி முடித்தார். மூடியைத் தூக்கினார்கள்.

கான்சல் தலை குனிந்தார். கும்பிட்டார். நிமிரப் போனவர் நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவர் கை கழுத்துக்குப் போய், ஆடைக்குள் கிடந்த சின்னத் தோல்பையைத் தொட்டது.

"இதுக்கு ரெண்டு காது இருக்கே" என்றார்.

ஹோஸ்டியுஸ், பன்றி என்றால் இரண்டு காது இருப்பது இயற்கைதான் என்று ஆரம்பித்து, பாதியில் உடைந்து, தனக்கு ஒன்றும் தெரியாது, தாழி தன் பொறுப்பில் இல்லை, காலையில் நடந்தது எதையும் தான் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கொட்டிவிட்டார். காலையில் என்ன நடந்தது என்று யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

கான்சல் தூரியுஸ் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. போன தடவை நான் வந்தப்போ இதுக்கு எத்தனை காது?"

ஒன்று என்றால், இரண்டாவது எங்கிருந்து வந்தது? இரண்டு என்றால், அவர் கழுத்தில் தொங்குவது என்ன? கோல்கட்டுக்காரர்களில் ஒருவன் தோளிலிருந்து கோல்கட்டை இறக்கிக் கையில் பிடித்தான். அந்தக் கட்டில் இருப்பவை அடிக்கிற கோல்கள் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

கால்வினா கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்துவிட்டாள்.

"ஒரு காதுதான் ஐயா இருந்துச்சு" என்றாள். "உங்களுக்கு நல்ல ஞாபகம். வலது காது இல்ல. எப்படிப் போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. எலியா இருக்கும்னு நினைச்சோம். இன்னைக்குக் காலைல திறந்து பாத்தா முளைச்சிருக்கு."

"முளைச்சிருக்கு."

"ஆமாங்க. உடம்பு பூராவும் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரிதான் இருக்கு. நீங்க பதவிக்கு வந்த நேரம். இது தெய்வக் குறியில்லாம வேற என்ன? நாங்க போய்ச் சொன்னா செனட்டுல யார் கேப்பாங்க? நீங்களே பாத்துட்டீங்க, நீங்களே சொல்லிடுங்க. எலி சமாசாரத்தையும் அவங்களே விசாரிச்சுக்கட்டும்."

கான்சலின் எழுத்தர் மெழுகுப் பலகையைத் திறந்துவிட்டார். அது அவர் வேலை. எங்கேயாவது கல்மழை பெய்தாலும், மாடு பேசியதாகச் சொன்னாலும் குறித்துக்கொண்டு போய் ரோமின் செனட் சபையில் படிக்க வேண்டும். பிறகு ரகசிய ஏடுகளைப் புரட்டுவார்கள், பரிகாரம் சொல்வார்கள், பலிமேல் பலி நடக்கும். அதெல்லாம் முடிகிறவரை கான்சல் ரோமைவிட்டு நகரக் கூடாது. இவருக்கோ ஸ்பெயினில் ஒரு படையும் ஒரு போரும் காத்திருந்தன. இவர் பரிகாரம் செய்துகொண்டிருந்தால், பண்ணை வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர் குணமாகி அந்தப் படையோடு கிளம்பிவிடுவார். இது கால்வினாவுக்குத் தெரிந்திருந்ததா என்று சந்தில் இன்னும் வாதம் நடக்கிறது. பல்லக்குத் தூக்கிகளுக்கு முந்தைய நாள் சாயங்காலம் கூழ் ஊற்றியவள் அவள்தான் என்பதை மட்டும் நான் சொல்லிவைக்கிறேன்.

கான்சல் எழுத்தரைப் பார்த்தார். தாழியைப் பார்த்தார். கால்வினாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. தாழியின் விளிம்பிலிருந்து உப்புத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் ஞாபகம்தான் தப்பு" என்றார். "அப்பவும் ரெண்டு காதுதான். எழுத ஒண்ணுமில்ல."

எழுத்தர் பலகையை மூடினார். கோல்கட்டு மறுபடி தோளுக்கு ஏறியது. தூரியுஸ் மூடியைப் போட வந்தபோது, கான்சல் அவளுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்கும்படிப் பேசுவதை முன்வரிசையில் நின்றால் எல்லோரும் கேட்கலாம்.

"அடுத்த வருஷம் வர்றவரு என்னை மாதிரி மறதிக்காரரா இருக்க மாட்டாரும்மா. இதுக்கு மேல எதுவும் முளைக்காம பாத்துக்க."

"உப்பு நிறையப் போட்டிருக்குங்க" என்றாள் கால்வினா.

படி இறங்கும்போது கான்சல் ஹோஸ்டியுஸின் தோளில் கைபோட்டுக்கொண்டார். கேட்காமலே பேசுகிற மனிதரை ரோமுக்குப் பக்கத்தில் விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. படையோடு போகிற புனிதக் கோழிகளைப் பார்த்துக்கொள்ள, தெய்வத்தின் மனம் அறிந்த ஒருவர் தேவை என்றார். கோழிகள் தீனியை ஆசையாகக் கொத்தினால்தான் சண்டைக்குப் போவார்கள். கொத்தவைப்பது உங்கள் கையில் இருக்கிறது என்றார். ஹோஸ்டியுஸ் தனக்கு மூட்டுவலி என்றார். ஸ்பெயின் வெயிலுக்கு அது பறந்துவிடும் என்று பதில் வந்தது.

அந்த வாரமே கால்வினா நல்ல மேலாடை போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், சந்தின் முழு நீளமும் நடந்து மெட்டியுஸ் வீட்டு முன்வாசலுக்குப் போனாள். மாப்பிள்ளை கேட்டாள். மெட்டியுஸ் சொன்னபடியே யோசித்தார். அவளை நிற்கவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். நாங்கள் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டவில்லை.

மே மாதம் கல்யாணத்துக்கு ஆகாது என்பதால் ஏப்ரல் கடைசியில் விபியாவுக்கும் ஓப்பியுஸுக்கும் முடித்தார்கள். விருந்தில் பன்றிக் கறி இல்லை, ஆடுதான். பெண்ணும் மாப்பிள்ளையும் அர்தேயாவுக்குக் குடிபோய் அங்கே கறிக்கடை வைத்திருக்கிறார்கள். கால்வினா அடிக்கடி போய் வருகிறாள். அர்தேயாவில் காற்று நன்றாக இருக்கிறதாம். தூரியுஸும் அவளும் கோயில் வீட்டில்தான் இருக்கிறார்கள். புதுப் பூசாரி ரோமிலிருந்து வந்தவர், தாழிப் பக்கமே போவதில்லை. ஹோஸ்டியுஸ் திரும்பி வரவில்லை. ஸ்பெயினில் ஒரு சத்திரக்காரியின் விதவைத் தங்கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார் என்று கேள்வி.